குறியிடம் சுட்டும் உரிமை: பயணக்கால டேட்டிங் செயலித் தேர்வு குறித்த களவியல்வழித் திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வெளியூரிலோ வெளிநாட்டிலோ சில நாள்களே தங்கும் பயணி, திருமண நோக்கமற்ற குறுகிய காலச் சந்திப்பிற்காக டேட்டிங் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது பயனர் எண்ணிக்கை, கட்டணம், பயன்பாட்டு எளிமை ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். இவ்வளவுகோல்கள் போதியன அல்ல என்பது இக்கட்டுரையின் கருதுகோள். செயலியின் வடிவமைப்பை ஒரு பனுவலாகக் கொண்டு, தொல்காப்பியக் களவியல் கூறும் குறியிடம், தோழி, பெயர் சுட்டாமை ஆகிய கருத்தாக்கங்களின் துணையுடன் இக்கட்டுரை அதனை வாசிக்கிறது. சந்திப்பின் இடத்தை யார் சுட்டுகிறார், அச்சந்திப்பை யார் அறிந்திருக்கிறார், பிரிவு முன்னரே உரைக்கப்படுகிறதா என்னும் மூன்று வினாக்களே செயலித் தேர்வின் அடிப்படையாக அமைய வேண்டும் என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: களவியல், குறியிடம், தோழி, டேட்டிங் செயலி, பயணம், இருப்பிடத் தரவு.

முன்னுரை

முன்பின் அறியாத இருவர் எதிர்ப்படுவதும் உள்ளம் கலப்பதும் தமிழ் அக மரபிற்குப் புதியன அல்ல. களவு என்னும் கைகோளே அத்தகைய எதிர்ப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே, திறன்பேசி வழியே அயலார் இருவர் சந்திப்பதை மட்டும் காரணமாகக் காட்டி அதனைப் பண்பாட்டுச் சிதைவு என்று ஒதுக்குவது ஆய்வு நோக்கு ஆகாது. அதே வேளையில், அதனை முழு விடுதலையாகக் கொண்டாடுவதும் பொருந்தாது. சந்திப்பு எத்தகைய சூழலில், எவருடைய கட்டுப்பாட்டில் நிகழ்கிறது என்பதே ஆராயத்தக்கது.

2009ஆம் ஆண்டு வெளிவந்த கிரைண்டர், திறன்பேசியின் இருப்பிடத் தரவைக் கொண்டு அருகிலுள்ளோரைத் தொலைவின் வரிசையில் காட்டும் முறையைப் பரவலாக்கியது. 2012இல் வந்த டிண்டர், படத்தை வலப்புறம் தள்ளினால் விருப்பம், இடப்புறம் தள்ளினால் மறுப்பு என்னும் எளிய முறையால் உலகெங்கும் பரவியது. 2014இல் தொடங்கப்பட்ட பம்பிள், ஆண்-பெண் இணைவில் பெண்ணே முதலில் பேசத் தொடங்க வேண்டும் என்னும் விதியைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. இம்மூன்றும் அருகமையை அடிப்படையாகக் கொண்டவை. பயணியின் அருகமையோ தற்காலிகமானது. அவர் இன்று அருகில் இருக்கிறார். நாளை மறுநாள் இரார். அருகமையை நம்பிய ஒரு கருவியைத் தங்காத ஒருவர் கையாளும்போது எழும் சிக்கல்களே இக்கட்டுரையின் ஆய்வுக்களம்.

முதற்பொருளும் கட்டணமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்படுவதைத் தமிழாய்வாளர் நன்கறிவர். உரிப்பொருள் நிகழ்வதற்குரிய அடித்தளம் அது. டேட்டிங் செயலிகள் இவ்விரண்டையும் விற்பனைப் பொருள்களாக மாற்றியுள்ளன. டிண்டர் நிறுவனம் 2015இல் கட்டணச் சேவையின் ஒரு பகுதியாக அறிமுகப்படுத்திய ‘பாஸ்போர்ட்’ என்னும் வசதி, பயனர் தாம் இல்லாத நகரத்தில் இருப்பதுபோல் தோன்றவும் அந்நகரத்தாரைப் பார்வையிடவும் வழிசெய்தது. உலகமே வீட்டிற்குள் அடைபட்டிருந்த 2020 ஏப்ரல் மாதத்தில் இவ்வசதி தற்காலிகமாக அனைவர்க்கும் இலவசமாக்கப்பட்டது. உடல் நகர முடியாத காலத்தில் முகங்கள் மட்டும் எல்லை கடந்தன.

இவ்வசதியின் மறுபக்கம் போதிய அளவில் கவனிக்கப்படுவதில்லை. பிற நகரத்தில் தோன்றும் உரிமைக்குப் பயணி கட்டணம் செலுத்துகிறார். அதே செயலியில் தமது தொலைவைப் பிறர் காணாதவாறு மறைக்கும் தெரிவும் நெடுங்காலமாகக் கட்டணப் பயனர்க்குரிய வசதியாகவே இருந்துவந்துள்ளது. வருபவர் இடத்தை விலைக்கு வாங்குகிறார். இருப்பவர் தம் இடத்தை மறைத்துக்கொள்ள விலை கொடுக்கிறார். இருவரும் செலுத்துவது பணமே எனினும் இருவர் நிலையும் ஒன்றன்று. பயணி வெளிப்படுத்துவது தங்கும் விடுதியின் இருப்பிடம். சில நாள்களில் அது பொருளற்றுப் போகும். உள்ளூரார் வெளிப்படுத்துவதோ வீடு, பணியிடம், நாள்தோறும் நடக்கும் தெரு. ஆகவே, பயணியின் வசதியை மட்டும் கொண்டு செயலிகளை ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் வழக்கம், சந்திப்பில் பங்குபெறும் இருவருள் ஒருவரை முற்றிலும் கணக்கில் கொள்ளாததாகிறது.

தொலைவு என்னும் எண்

‘3 கிலோமீட்டர் தொலைவில்’ என்னும் குறிப்பு தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆனால் மூன்று வெவ்வேறு புள்ளிகளிலிருந்து ஒருவரின் தொலைவை அறிந்தால், அப்புள்ளிகளை மையமாகக் கொண்டு வரையப்படும் மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே அவரது இருப்பிடம். பள்ளி வடிவியலே இதற்குப் போதும். டிண்டர் செயலி பயனர்களின் தொலைவை மிகு நுண்மையுடன் அனுப்பியமையால் அவர்தம் இருப்பிடத்தை இவ்வாறு கணிக்க இயன்றது என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014இல் வெளிப்படுத்தினர்; அக்குறை பின்னர்க் களையப்பட்டது. சிக்கல் அத்துடன் ஓயவில்லை. பெல்ஜியத்தின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 டேட்டிங் செயலிகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 6 செயலிகளில் ஒருவரது இருப்பிடத்தை ஏறத்தாழத் துல்லியமாகக் கணிக்கும் வாய்ப்பு இருந்தது. பம்பிள், ஹிஞ்ச், கிரைண்டர் ஆகிய பெயர்பெற்ற செயலிகளும் அவற்றுள் அடங்கும். தகவல் தெரிவிக்கப்பட்டபின் நிறுவனங்கள் திருத்தங்களை மேற்கொண்டன.

இருப்பிடம் வெளிப்படுவதன் விளைவு நாட்டுக்கு நாடு மாறுபடும். எகிப்தில் ஒருபால் ஈர்ப்புடையோர் 1961ஆம் ஆண்டின் 10ஆம் எண் சட்டத்தில் உள்ள ஒழுக்கக்கேடு குறித்த பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டு வருகின்றனர். காவல்துறையினர் செயலிகளின் வழியே அவர்களைக் கண்டறிவதாக எழுந்த செய்திகளைத் தொடர்ந்து, 2014இல் கிரைண்டர் நிறுவனம் எகிப்து உள்ளிட்ட நாடுகளில் தொலைவு காட்டும் வசதியை நிறுத்தியது. 2019 சூலையில் டிண்டர் அறிமுகப்படுத்திய பயணி எச்சரிக்கை, ஒருபாலுறவு குற்றமாகக் கருதப்படும் ஏறத்தாழ 70 நாடுகளில் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரின் பக்கங்களைத் தானாகவே மறைத்து, வெளிப்படுவதா வேண்டாவா என்னும் முடிவை அவர்களிடமே விட்டது. இது வரவேற்கத்தக்க ஏற்பாடு. எனினும் இதன் பெயரிலேயே பயணிதான் முன்னிற்கிறார். பயணிக்கு அந்நாட்டின் சட்டம் ஓர் எச்சரிக்கை. அங்கேயே பிறந்து வாழ்பவருக்கோ அது அன்றாடம்.

குறியிடம்: சுட்டுபவர் யார்?

இவ்விடத்தில் களவியலின் ஒரு நுட்பம் நம் ஆய்வுக்குத் துணைநிற்கிறது. தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்தைக் குறி என வழங்கும் தொல்காப்பியம், அது பகற்குறி, இரவுக்குறி என இருவகைப்படும் என்கிறது. களத்தைச் சுட்டும் கூற்றுத் தலைவிக்கு உரியது என்பதும் அங்கு விதியாக உள்ளது. அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, அது அவள் சென்று சேர்வதற்கு உரிய வழியாக இருக்க வேண்டும் என்பதாகும். பகற்குறி வீட்டிற்குப் புறத்தே, தலைவி அறிந்து வரத்தக்க இடத்தில் அமையும். இரவுக்குறியோ, தலைவன் மனைக்குள் புகாத நிலையில், வீட்டாரின் பேச்சொலி காதில் விழும் தொலைவில் அமையும்.

அந்நிலத்தில் வாழ்பவளே இடத்தைச் சுட்டுகிறாள் என்பதும், இரவில் நிகழும் மறைவான சந்திப்புகூட மனிதக் குரல்களின் எல்லையைக் கடப்பதில்லை என்பதும் இவ்விதிகளில் நாம் கருத வேண்டியவை. மறைவு வேறு, தனிமைப்படுதல் வேறு என்னும் தெளிவு இங்கு உண்டு. பயணியின் பாதுகாப்பிற்காக இன்று வழங்கப்படும் அறிவுரைகள் அனைத்தும் இத்தெளிவைத்தான் வேறு சொற்களில் கூறுகின்றன.

கொலம்பியாவின் மெடெயின் நகரம் இதற்குத் தக்க சான்று. 2023 நவம்பர் 1 முதல் திசம்பர் 31 வரை அந்நகரில் அமெரிக்கக் குடிமக்கள் எண்மர் ஐயத்திற்குரிய வகையில் உயிரிழந்தனர். அவற்றுள் பல, டேட்டிங் செயலி வழியான சந்திப்புகளுடன் தொடர்புடையனவாக இருக்கலாம் எனப் போகோட்டாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2024 சனவரியில் எச்சரித்தது. மயக்க மருந்து கொடுத்துக் கொள்ளையிடுதல், வன்தாக்குதல் ஆகியன அவ்வெச்சரிக்கையில் குறிப்பிடப்பட்டன. பொது இடங்களில் மட்டுமே சந்திக்க வேண்டும். விடுதி அறை, குடியிருப்பு முதலிய தனித்த இடங்களைத் தவிர்க்க வேண்டும். எங்கே, யாருடன், எந்தச் செயலியின் வழியே சந்திக்கிறோம் என்பதை நண்பருக்கோ குடும்பத்தாருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பன தூதரகத்தின் அறிவுரைகள். முதல் இரண்டும் குறியிடம் பற்றியவை. மூன்றாவது தோழி பற்றியது.

அதே நகரத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. 2024இன் தொடக்கத்தில் வெளிநாட்டவர் ஒருவர் விடுதி அறையொன்றில் அகவை நிரம்பாத சிறுமியருடன் கண்டறியப்பட்டமை பெருஞ்சினத்தை எழுப்பியது. அதனைத் தொடர்ந்து, பயணிகள் மிகுதியாகக் கூடும் எல் பொப்லாதோ பகுதியில் பாலியல் தொழிலுக்கான அழைப்பை மேயர் தற்காலிகமாகத் தடைசெய்தார். இந்நிகழ்வையும் செயலிவழிச் சந்திப்பையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. ஆயினும் பயணி மட்டுமே இடருக்கு ஆளாகிறார் என்னும் ஒருபக்கப் பார்வையை இது திருத்துகிறது. வருபவரின் பணமும் மீண்டு செல்லும் வாய்ப்பும், இருப்பவரின் நில அறிவும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் களம் அது. இடர் இருபக்கத்தும் உண்டு. அக இலக்கியம் இவ்விரு பக்கத்தையும் அறிந்திருந்தது. இரவில் வரும் தலைவனுக்கு வழியில் நேரும் ஏதத்தை எண்ணித் தலைவியும் தோழியும் அஞ்சுதலும், ஊரலரால் தலைவிக்கு நேரும் துன்பம் உரைக்கப்படுதலும் களவுப் பாடல்களில் ஒருங்கே இடம்பெறுகின்றன.

தோழியற்ற களவு

களவு மறைவானது, ஆயினும் அறவே சான்றற்றது அன்று. பாங்கற்கூட்டம், பாங்கியிற்கூட்டம் என்னும் நிலைகள், அச்சந்திப்பை அறிந்த மூன்றாமவர் ஒருவரை இன்றியமையாதவராக்குகின்றன. பாங்கன் இடித்துரைக்கிறான், தோழி வினவுகிறாள், மறுக்கிறாள், குறியிடம் பற்றிப் பேசுகிறாள், வரைவு கடாவுகிறாள். தூது செல்வதோடு அவள் பணி முடிவதில்லை. தலைவனை நோக்கிக் கேள்வி எழுப்பும் தகுதி பெற்றவள் அவளே.

சான்று இல்லாத சந்திப்பு எத்தகைய அச்சத்தை விளைக்கும் என்பதைக் கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடல் உணர்த்துகிறது. தலைவன் சொல் மாறினால் எடுத்துரைக்க அங்கு மனிதர் எவரும் இலர். நீரில் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகு மட்டுமே உடனிருந்தது. அப்பறவையின் கவனமும் தன் இரையின் மீதே இருந்தது. இப்பாடலைப் பயணக்காலச் செயலிச் சந்திப்புடன் இணைத்து எண்ணும்போது ஒரு கேள்வி எழுகிறது: செயலி என்பது தோழியா, குருகா?

நிறுவனங்கள் தம்மைத் தோழியாகவே முன்வைக்கின்றன. 2020இல் டிண்டர் அறிவித்த பட உறுதிப்பாடு, பக்கத்திலுள்ள முகம் பயனருடையதுதானா எனச் சோதிக்கிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட மற்றொரு வசதி, சந்திக்கும் இடம், நாள், நேரம், எதிர்ப்படுபவரின் படம் ஆகியவற்றை நண்பருடன் பகிர உதவுகிறது. பொய்யும் வழுவும் தலைகாட்டிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது எனக் கற்பியல் கூறும் வரலாற்றுப் போக்கு இங்கும் தெரிகிறது. நம்பிக்கை முறிந்த பின்னரே விதிகள் வந்தன. இவ்வசதிகள் பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் முகம் மெய்யாக இருப்பது வேறு. நோக்கம் மெய்யாக இருப்பது வேறு. முன்னதை இயந்திரம் சோதிக்கும். பின்னதை வினவத் தோழிதான் வேண்டும். செயலி அனைத்தையும் பார்க்கிறது. பார்த்தவற்றைத் தரவாகச் சேமிக்கிறது. அதன் கவனமோ தன் வருவாயின் மீது நிலைத்திருக்கிறது. ஆதலின் அது குருகிற்கே அணுக்கமானது. பயணி தம் தோழியைத் தாமே உடன்கொண்டு செல்ல வேண்டும்: ஊரிலுள்ள நண்பர், உடன்பிறந்தார், விடுதித் தோழர் என யாரேனும் ஒருவர் அச்சந்திப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர் சுட்டாமையும் அடையாளமும்

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. நிலம் விரிவாகப் பேசப்படினும் அது ஓர் ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகவரியாக அமைவதில்லை. மலையும் அருவியும் தினைப்புனமும் குறிஞ்சி முழுவதற்கும் பொதுவானவை. செயலியின் நிலமோ கிலோமீட்டரில் அளக்கப்படுவது. பெயரை மறைத்தாலும் ஊர், தொழில், வயது, தொலைவு ஆகிய நான்கும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடுவார்.

2016 ரியோ ஒலிம்பிக்கின்போது இது மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்க இணைய இதழ் ஒன்றின் செய்தியாளர், ஒலிம்பிக் கிராமத்தில் டேட்டிங் செயலிகளைப் பயன்படுத்தி வீரர்களின் எதிர்வினைகளைச் சேகரித்துக் கட்டுரையாக்கினார். பெயர்கள் வெளியிடப்படவில்லை, ஆனால் சிலரை அடையாளம் காணப் போதுமான குறிப்புகள் இருந்தன. ஒருபாலுறவு கடுமையாக ஒடுக்கப்படும் நாடுகளைச் சேர்ந்தோரும் அதனால் இடருக்குள்ளாயினர். கடும் கண்டனத்திற்குப் பின் அக்கட்டுரை முழுவதும் நீக்கப்பட்டது. பயணியாக வந்த ஒருவர் விளையாட்டாகச் செய்தது, ஊர் திரும்ப வேண்டிய மற்றொரு பயணியின் வாழ்வைப் பணயமாக்கிற்று. 2022 பெய்சிங், 2024 பாரிசு ஒலிம்பிக் போட்டிகளின்போது, வெளியிலிருந்து எவரும் ஒலிம்பிக் கிராமத்தை உலாவிப் பார்க்க இயலாதவாறு கிரைண்டர் நிறுவனம் சில இருப்பிட வசதிகளை அங்கு நிறுத்திவைத்தது. பெயர் சுட்டாமை மட்டும் பாதுகாப்பாகாது. இடம் சுட்டாமையும் உடன் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் கருத்து.

எதிர்க்கருத்துகள்

இவ்வாய்விற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, களவு வரைவை நோக்கியது. குறுகிய காலச் சந்திப்பு அவ்வாறன்று. ஆகவே ஒப்பீடு பொருந்தாது என்பது. இக்கட்டுரை ஒப்பிடுவது உறவின் முடிவை அன்று, சந்திப்பின் சூழலை. வரைவு நோக்கமில்லாத உறவிலும் இருவரது உடன்பாடும் மெய்யுரைத்தலும் தேவையே. உண்மையில், வரைவு என்னும் பின்னைய உறுதி இல்லாத இடத்தில் முன்னுரைக்கும் உண்மைக்கு மதிப்பு மிகுகிறது. ‘நான் வியாழனன்று புறப்படுகிறேன்’ என்னும் ஒரு தொடர் இங்குச் செய்யும் பணி பெரிது. செலவை உணர்த்தாது பிரிதல் அக மரபிலும் தலைவிக்குத் துன்பம் தருவதாகவே பேசப்படுகிறது. பம்பிளின் பயண நிலையைத் தெரிவுசெய்வோரின் பக்கத்தில் அதற்குரிய குறிப்பு இடம்பெறுவது இவ்வகையில் பாராட்டத்தக்கது. இக்குறிப்பு எல்லாச் செயலிகளிலும் கட்டாயமாதல் வேண்டும்.

இரண்டாவது, அக இலக்கியம் புலனெறி வழக்கம். அதனை வாழ்வியல் விதியாகக் கொள்ளலாகாது என்பது. இது ஏற்கத்தக்க எச்சரிக்கையே. களவியலின் தலைவி முழு உரிமை பெற்றவள் அல்லள். இற்செறிப்பும் அலரும் அவளை நெருக்குகின்றன. வீட்டாரின் குரல் கேட்கும் தொலைவு அவளுக்குப் பாதுகாப்பாக இருந்ததுபோலவே காவலாகவும் இருந்தது. இன்றும் தம் குடும்பத்தாரே அச்சுறுத்தலாக விளங்கும் பெண்களுக்கும் பாலினச் சிறுபான்மையினர்க்கும் அக்குரல்களின் அருகமை ஆறுதல் தராது. எனவே இங்கு எடுத்துக்கொள்ளத்தக்கது காவலன்று. குறியிடத்தைச் சுட்டும் உரிமை அங்கு வாழ்பவரிடம் இருத்தலும், சான்றாக நிற்பவரைத் தாமே தேர்ந்துகொள்ளுதலும் ஆகும். தோழி தலைவி பக்கம் நிற்பவள். செவிலியின் பக்கம் நிற்பவள் அல்லள்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பயணக்காலச் செயலித் தேர்விற்கு மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன. ஒன்று, தொலைவையும் இருப்பிடத்தையும் மறைக்கும் தெரிவு கட்டணமின்றி இருவர்க்கும் கிடைக்கிறதா என்பது. இரண்டு, சந்திப்பின் விவரத்தைத் தாம் நம்பும் ஒருவருடன் பகிர்வதற்கு அச்செயலி இடந்தருகிறதா என்பது. மூன்று, வந்திருப்பவர் பயணி என்பதையும் அவர் புறப்படும் காலத்தையும் மறைவின்றி அறிவிக்க வழியுள்ளதா என்பது. பயனர் எண்ணிக்கை இவற்றிற்குப் பின்னரே கருதத்தக்கது.

இவற்றுள் எதுவும் பயணியின் நலனுக்கு மட்டும் உரியதன்று. மெடெயின் நகரில் அறைக்குள் மயக்கமுற்று வீழ்ந்தவரையும், கெய்ரோவில் ஒரு தொலைவுக் குறிப்பால் பிடிபடக்கூடியவரையும் காக்கும் அறம் ஒன்றே. குறியிடத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடாமல் இருவரும் பேசி முடிவுசெய்தல் அதன் முதற்படி. அவ்விடத்தைச் சுட்டும் முதல் உரிமை, பயணம் முடிந்த பின்னும் அந்நிலத்திலேயே வாழவிருப்பவருக்கு உரியது.